விடுதி அம்மாவின் கடைசி வசனம்

“அக்கா, பிள்ளையைக் குடுப்பியளோ, மாட்டியளோ? எனக்கு மட்டும் சொல்லுங்கோ.”

தில்லைநாயகியின் கையிலிருந்த புடைவை பாதி மடிப்பில் நின்றது. கேட்ட பெண்ணை அவள் முன்பின் பார்த்ததில்லை. பாரிசின் லா சப்பலில் அவள் வேலை பார்க்கும் புடைவைக் கடைக்கு அந்தச் சனிக்கிழமை வந்த முதல் ஆள். ஊதாப் பட்டு ஒன்றை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, பட்டைப் பார்க்காமல் தில்லைநாயகியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கிழமையாக வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை கடைத்தெருவுக்கு எப்படி வந்தது? கணவர் வரதராசாவின் வாய்தான் காரணமாக இருக்கும். வேலை செய்யும் உணவகத்தில் வெங்காயம் உரிக்கும்போதே வீட்டுக்கதை முழுவதையும் சேர்த்து உரித்துவிடுகிற மனிதர். இன்றைக்கு அவருக்கு இருக்கிறது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, “ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று கேட்டாள்.

“ஆர் சொல்லவேணும்? கிழமைக்குக் கிழமை பாக்கிறம்தானே. நாளைக்குக் கடைசிப் பகுதி. அந்த மெய்லின் பாவமக்கா. பெடியனும் நல்ல பெடியன். குடுத்துவிடுங்கோ.”

அப்போதுதான் தில்லைநாயகிக்கு மூச்சு வந்தது. இவள் கேட்பது சீனத்துப் பிள்ளையை.

‘பனிமலை விடுதி’ என்ற சீனத் தொடரை இன்றைக்கு லா சப்பலில் தெரியாதவர்கள் இல்லை. சீனாவில் லிஜியாங் என்றொரு ஊர். உலகமெல்லாம் சுற்றுலா வருகிற அழகான ஊர். வீட்டுக்கு வீடு வாசலில் வாய்க்கால், வாய்க்காலுக்கு மேலே கல் பாலம், எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளைவெளேரென்று பனிமலை. அங்கே விடுதி நடத்தும் ஒரு தாய்; அவளுடைய மகள் மெய்லின்; படம் எடுக்க வந்த இடத்தில் மெய்லினிடம் மனதைக் கொடுத்துவிட்ட ஷாங்காய்ப் பையன் ஜியான். கதை இவ்வளவுதான்.

கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சேந்தன் தன் இணையத் தொலைக்காட்சிக்காக இந்தத் தொடரை முறையாக வாங்கி, சென்னைக் குரலும் வேண்டாம், செய்தி வாசிக்கிற தமிழும் வேண்டாம், நாங்கள் வீட்டில் கதைக்கிறபடியே கதைப்போம் என்று யாழ்ப்பாணத் தமிழில் குரல் கொடுக்க ஆள் பிடித்தான். சீனத்துப் பெண்கள் ‘இஞ்சை வாங்கோ’ என்று கூப்பிடுவதைக் கேட்டு முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் அழுதார்கள். அந்த விடுதித் தாய்க்குக் குரல் தில்லைநாயகி. கடைத்தெருவில் அவள் வாயைத் திறந்தால் போதும், பின்னால் வருகிறவர்கள் ‘விடுதி அம்மா’ என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி நடிக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

“நாளைக்குப் பாருங்கோ” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, பட்டைப் பையில் போட்டுக் கொடுத்தாள். சொல்லும்போது குரல் ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. உள்ளே மட்டும் சுருக்கென்றது.

ஏனென்றால் குடுப்பியளோ மாட்டியளோ என்ற அதே கேள்வி அவள் வீட்டிலும் ஒரு கிழமையாக விடை இல்லாமல் கிடந்தது.

சென்ற சனிக்கிழமைதான் மகள் லக்ஷனா குசினிக்குள் அடுப்படிக்கு வந்து நின்று, செய்தால் அலெக்சிசைத்தான் கலியாணம் செய்வேன் என்று சொன்னாள். பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடித்தாள். அலெக்சிஸ் வேறு யாருமில்லை. ஜியானுக்குக் குரல் கொடுக்கிற பையன். லக்ஷனா வசனம் எழுதுகிறவள். இத்தனை மாதமாக ஒரே நிலவறையில், ஒரே மைக்குக்கு முன்னால், தன் கண்ணுக்கு எதிரிலேயே இது நடந்திருக்கிறது என்பதுதான் தில்லைநாயகியை முதலில் குத்தியது. ஊருக்கெல்லாம் காதல் கதை சொன்ன வீட்டில், காதல் நடந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பையனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மின்சார வேலை, நல்ல பழக்கம், பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்பான். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம் என்பதைக்கூட அவள் இரண்டு இரவு யோசித்து விழுங்கத் தயாராகிவிட்டாள். விழுங்க முடியாமல் போனது அதற்குப் பிறகு நடந்த ஒன்று.

புதன்கிழமை மரக்கறிக் கடையில் அலெக்சிசின் தாய் அற்புதராணியைக் கண்டாள். நல்ல மனுசி, சிரித்த முகம். தில்லைநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பரம சந்தோசம் என்றாள். பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தால் போதும், மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். லக்ஷனாவுக்குப் புதுப் பெயர்கூடப் பார்த்து வைத்துவிட்டாளாம். ஜெனிற்றா.

பக்கத்தில் இரண்டு கையிலும் பைகளோடு நின்ற அலெக்சிஸ், கூடையில் கிடந்த வெண்டிக்காயைப் பார்த்தானே தவிர வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து தில்லைநாயகியும் திறக்கவில்லை. வீட்டில் சமையலைப் பற்றிக் கதைத்தாள், மழையைப் பற்றிக் கதைத்தாள், கணவரின் சளியைப் பற்றிக்கூடக் கதைத்தாள். அந்த ஒரு விசயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சண்டை பிடித்தால் லக்ஷனா திருப்பிச் சண்டை பிடிப்பாள். அவளும் இந்த வயிற்றில் பிறந்தவள்தானே. பேசாமல் இருந்தால்தான் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அது தாய்க்குத் தெரியும்.

இன்று காலை வீடு இருக்கும் வில்லியே லே பெல்லிலிருந்து மூன்று பேரும் ஒன்றாகத்தான் ரயிலில் வந்தார்கள். தாயும் மகளும் ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு வர, நடுவில் வரதராசா ரயில் பிந்தியதைப் பற்றித் தனியாகக் கதைத்துக்கொண்டு வந்தார்.

மதியம் கடையை மற்றப் பெண்ணிடம் விட்டுவிட்டு அவள் ரூ பஜோல் தெருவுக்குள் திரும்பினாள். பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். இது வேண்டும் அது வேண்டும் என்று ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு நான் வாயைத் திறக்கவேண்டிய நாள், கொஞ்சம் பக்கத்தில் நில்லுங்கோ என்று அறிவித்துவிட்டு நடந்தாள்.

சேந்தனின் கடையில் மேலே கைத்தொலைபேசிச் சாமான்கள். கீழே நிலவறை. சுவரெல்லாம் முட்டைத் தட்டும் பழைய போர்வையும் ஒட்டிச் சத்தம் வெளியே போகாமல் செய்து வைத்திருந்தான். ஒரு திரை, ஒரு மைக், பதிவு ஓடும்போது எரிகிற ஒரு சிவப்பு விளக்கு, மூலையில் கணினி. மேம்பாலத்தில் மெட்ரோ போகிறபோதெல்லாம் நிலம் லேசாக அதிரும். அப்போது எல்லாரும் வசனத்தை வாயில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

வரதராசா ஏற்கெனவே வந்து தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தார். தொடரில் அவருக்குப் பாத்திரத்துக்குக் குறைவில்லை. பொலிஸ்காரன் அவர், குதிரை வண்டிக்காரன் அவர், சந்தையில் பழம் விற்கிற கிழவன் அவர். மலையடிவாரத்தில் கத்துகிற ஆடும் அவரேதான்.

“ஆட்டை இன்னும் ஒருக்கா எடுப்பம், அண்ணை. இது கொஞ்சம் கவலையான ஆடு மாதிரி இருக்கு” என்றான் சேந்தன்.

“வீட்டு நிலவரம் அப்பிடி” என்றார் வரதராசா.

லக்ஷனா சிரிக்கவில்லை. கணினிக்குப் பக்கத்தில் வசனத் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணின் கீழே கறுத்திருந்தது. கிழமை நாளில் அலுவலக வேலை, சனிக்கிழமை இந்த வேலை. இருந்தும் ஒருநாள் சலித்துக்கொண்டதில்லை. தமிழ் எழுத வராது என்று ஆரும் சொன்னால் பிடிக்காத பிள்ளை. தாயைக் கண்டதும் எழும்பித் தாளைக் கொடுத்தாள். தாய் வாங்கிக்கொண்டாள். அலெக்சிஸ் எழும்பி நின்று “வாங்கோ அன்ரி” என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

நாளை பின்னேரம் கடைசிப் பகுதி போகவேண்டும். மெய்லினுக்குக் குரல் கொடுக்கும் யசோதினி தன் பங்கை நேற்றே முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது தாயும் ஜியானும் மட்டும். சின்னச் சின்னத் துண்டுகளை அவர்கள் மளமளவென்று முடித்தார்கள். தில்லைநாயகி மைக்குக்கு முன்னால் நின்றால் அவளை அசைக்க ஆளில்லை. திரையில் அந்தச் சீனத்துத் தாய் மூச்செடுத்தால் இவளும் மூச்செடுப்பாள். அவள் புருவம் தூக்கினால் இவளுக்கும் புருவம் ஏறும். வாய் திறக்க முன்னம் சொல் வரக்கூடாது, வாய் மூடினபிறகு சொல் நிற்கக்கூடாது. அது அவள் முதல் நாளே பிடித்துக்கொண்ட விதி.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

விடுதி முற்றம். சிவப்பு விளக்குகள். தாய் தேநீர்க் கேத்தலோடு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மெய்லினும் ஜியானும் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், வாசலில், மரத்தில் செதுக்கிய பெயர்ப்பலகை தெரிகிறது. தொடர் முழுக்கத் தெரிகிற பலகைதான். ‘மெய்லின் விடுதி’. மகள் பிறந்த அன்று தாய் மாட்டியது. மகள் ஷாங்காய்க்குப் போனால் அந்தப் பலகை என்னாகும் என்று போன மூன்று பகுதியாகச் சனம் வாதாடிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகி தாளைப் பார்த்தாள். தாய்க்கு லக்ஷனா எழுதியிருந்த வசனம் இதுதான்: ‘பிள்ளை, உன்ரை விருப்பம்தான் என்ரை விருப்பம். அவன் ஆராய் இருந்தால் என்ன, எந்தக் கோயிலுக்குப் போனால் என்ன, நீ சந்தோசமாய் இருந்தால் எனக்குப் போதும். போயிட்டு வா.’

“ஒருக்கா ஓட்டிப் பாப்பம்” என்றாள்.

சேந்தன் ஓட்டினான். திரையில் அந்தத் தாய் தேநீர் வார்த்தாள். வாய் திறந்தது, சின்னதாக ஏதோ சொல்லி மூடியது. கோப்பையை மகளின் பக்கம் தள்ளினாள். பிறகு பையனைப் பார்த்து இன்னொரு முறை வாய் திறந்தது, உடனே மூடியது. அவ்வளவுதான். ஜியான் வாயே திறக்காமல் தலை குனிந்தான்.

“இன்னொருக்கா.”

இன்னொரு முறையும் அதுதான். தில்லைநாயகி தாளை மடித்தாள். வாய் இரண்டு தரம் திறந்து மூடுகிற இடத்தில் இத்தனை வசனம் எங்கே ஏறும்? மகள் இதுவரை ஒருநாளும் இப்படி அளவு தப்பி எழுதியதில்லை. அதோடு, இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சீனத்துப் பையன் எந்தக் கோயிலுக்கும் போனதை அவள் காணவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கொஞ்சம் வேறு. கேட்டு வாங்க முடியாததை மகள் எழுதி வாங்கப் பார்த்திருக்கிறாள். தாயின் வாயால் அதை ஒருமுறை கேட்டுவிடவேண்டும் என்று தவித்திருக்கிறாள்.

“லக்ஷனா. உண்மையா அவ என்ன சொல்லுறா?”

லக்ஷனாவின் முகத்தில் ஈயாடவில்லை. தாளில் இருப்பதுதான் என்று பிரெஞ்சில் முணுமுணுத்தாள்.

“தமிழிலை சொல்லு. என்ரை கண்ணைப் பாத்துச் சொல்லு.”

வரதராசா ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முதுகைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். லக்ஷனா திரையின் கீழே ஓடிய பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பார்த்தாள். கண் நிரம்பியிருந்தது.

“தேத்தண்ணி ஆறுது எண்டுறா. பிறகு அவனைப் பாத்து, நீரும் குடியும் எண்டுறா. அவ்வளவுதான், அம்மா. அவ ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.”

வரதராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தில்லைநாயகிக்கும் வந்தது. இத்தனை மாதமாக இந்தச் சீனத்துக்காரிக்குக் குரல் கொடுத்தும், அவளுடைய கெட்டித்தனம் இவ்வளவு என்று தெரியாமல் போய்விட்டது. ஒரு கோப்பைத் தேநீரில் சம்மதத்தையும் சொல்லிவிட்டாள், வாயையும் விட்டுக்கொடுக்கவில்லை.

சேந்தனுக்கு நேரம் போகிற கவலை. அப்படியென்றால் உள்ளதையே சொல்லிவிடுவோம் அக்கா, அழகாகத்தான் இருக்கிறது, வாயும் பொருந்தும் என்றான்.

அது நல்ல வழிதான். தேத்தண்ணி ஆறுது என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விடலாம். சீனத்துத் தாய் காப்பாற்றிவிடுவாள். வீட்டில் இன்னும் ஒரு மாதம் மழையைப் பற்றிக் கதைக்கலாம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஜெனிற்றா என்ற பெயர் அற்புதராணியின் வாயில் பழகிப்போகும். பிறகு அவளுடைய சொந்தக்காரர்கள் வாயில். கடைசியில் லக்ஷனாவே சலித்துப்போய்த் திரும்பிப் பார்க்கத் தொடங்குவாள். பேசாமல் இருப்பது மகளைத்தான் வெல்லும். அற்புதராணியை வெல்லாது.

தில்லைநாயகி திரையில் நின்றுபோயிருந்த படத்தைப் பார்த்தாள். அந்தப் பலகையைப் பார்த்தாள்.

லக்ஷனா பிறந்தது இதே பாரிசில், ஒரு மாரிகாலத்தில். வரதராசா வேலையில். பக்கத்தில் ஒரு தெரிந்த முகம் இல்லை. பிள்ளைக்கு என்ன பெயர் என்று தாதி கேட்டாள். சொன்னதும் அவள் வாயில் அது வேறு என்னவோவாகப் போயிற்று. தில்லைநாயகிக்கு அப்போது வணக்கத்துக்கும் நன்றிக்கும் மேலே பிரெஞ்சு தெரியாது. இருந்தும் அந்தத் தாதியை விடவில்லை. படுத்த படுக்கையில் கிடந்தபடி, அவள் சரியாகச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். இந்த நாட்டில் அவள் முதன்முதலாகப் பிடிவாதம் பிடித்து வென்றது அந்தப் பெயரில்தான். அதை ஒரு வாளித் தண்ணீரில் கழுவி விட்டுவிடுவதா?

“சேந்தன், சிவப்பு லைற்றைப் போடும்” என்றாள்.

“எதை அக்கா சொல்லப்போறியள்?”

“நீர் போடும். தம்பி அலெக்சிஸ், இஞ்சை வாரும். உம்மடை இடத்திலை நில்லும்.”

அலெக்சிஸ் வந்து மைக்கின் மறுபக்கத்தில் நின்றான். ஜியானுக்கு அந்த இடத்தில் வசனம் இல்லை. ஒரு மூச்சு மட்டும்தான். ஆனாலும் வந்து நின்றான். மெட்ரோ ஒன்று தலைக்கு மேலே போய் முடியும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

படம் ஓடியது. முற்றம், விளக்கு, கேத்தல். தாய் தேநீர் வார்த்தாள். வாய் திறந்தது.

“பேர் மாறக்கூடாது.”

கோப்பை மேசையில் நகர்ந்தது. சீனத்துத் தாய் பையனை நிமிர்ந்து பார்த்தாள். தில்லைநாயகி திரையைப் பார்க்கவில்லை. மைக்குக்கு மேலாக அலெக்சிசைப் பார்த்தாள். பாராமலே அவளுக்கு அந்த வாயின் அளவு தெரியும்.

“கூட்டிக்கொண்டு போ.”

திரையில் ஜியான் தலை குனிந்தான். கமரா மெதுவாகப் பின்னால் போய், வாசலின் பெயர்ப்பலகையில் நின்றது. சேந்தன் சிவப்பு விளக்கை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தான். ஓட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு மயிரிழை தப்பாமல் பொருந்தியிருந்தது. பலகையையும் தாயையும் சேர்த்துப் பார்க்கிற எந்தச் சனமும் அந்த வசனம் அங்கேயே பிறந்தது என்றுதான் சொல்லும்.

லக்ஷனா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வரதராசா தன் கழுத்துச் சால்வையை அவளிடம் கொடுத்தார்.

தில்லைநாயகி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு அலெக்சிசின் பக்கம் திரும்பினாள்.

“படத்திலை அவன் வாய் திறக்கேல்லை. அது அவன்ரை கதை. உமக்கு வாயிலை கொழுக்கட்டை இல்லைத்தானே, தம்பி?”

இத்தனை மாதமாக அலெக்சிசின் குரல் லிஜியாங்கின் கல் பாலங்களில் நின்று என்னென்னவோ பேசியிருக்கிறது. எல்லாம் லக்ஷனா எழுதிக் கொடுத்தது. இப்போது கையில் தாள் இல்லை.

“அண்டைக்கு மரக்கறிக் கடையிலை நான் கதைச்சிருக்கவேணும், அன்ரி. பிழை என்ரைதான்” என்றான். “நான் கேட்டு வந்தது லக்ஷனாவை. வேறை பேருள்ள ஒரு பிள்ளையை இல்லை.”

“எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. எனக்கு அந்தப் பேர் தெரியும்.”

அவனுக்கு விளங்கியது. கைத்தொலைபேசியை எடுத்துத் தாயின் இலக்கத்தைத் தேடினான். லக்ஷனா ஓரடி முன்னால் வந்து, இப்போது வேண்டாம், பிறகு சொல்லலாம் என்று பிரெஞ்சில் அவசரமாகச் சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான். ஆனால் கை நிற்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, கணினிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தான்.

“சொல்லு தம்பி” என்றது அற்புதராணியின் குரல். பின்னால் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்.

“அம்மா, லக்ஷனாவுக்குப் பேர் மாத்திறேல்லை. ஞானஸ்நானமும் அவவாய் விரும்பினால் மட்டும்தான். விரும்பாட்டி இல்லை. எனக்கு இதிலை வேறை கதை இல்லை.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மேலே ஒரு மெட்ரோ வந்து, அதிர்ந்து, போயும் விட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சேந்தன்கூட எட்டிப் பார்த்தான்.

“ஆர் பக்கத்திலை நிக்கிறது?” என்று கடைசியில் கேட்டாள் அற்புதராணி.

“லக்ஷனாவின்ரை அம்மா.”

“குடு அவவிட்டை.”

தில்லைநாயகி தொலைபேசியை எடுத்தாள். மரக்கறிக் கடையில் தன் கையைப் பிடித்த அந்தச் சூடான கையை நினைத்தாள். கெட்ட மனுசி அல்ல. தன் மகனுக்கு வருகிறவளைத் தன் வீட்டுப் பிள்ளையாக்கப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு வீட்டுப் பிள்ளை.

“சொல்லுங்கோ, அற்புதம்.”

அற்புதராணி வாயைத் திறந்தபோது குரலில் சிரிப்பு இல்லை, சண்டையும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து முதல் வேலையாக அவள் பார்ப்பது ‘பனிமலை விடுதி’ என்பது தில்லைநாயகிக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது என்று வாராவாரம் செய்தி அனுப்புகிறவளும் அவள்தான்.

“அக்கா, உங்களை ஒண்டு கேக்கிறன்” என்றாள் அற்புதராணி. “அந்தத் தாய் கடைசியிலை பிள்ளையைக் குடுக்கிறாவோ?”

லக்ஷனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலெக்சிஸ் நிலத்தைப் பார்க்கவில்லை. தில்லைநாயகியின் முகத்தையே பார்த்தான். திரையில் அந்தப் பெயர்ப்பலகை இன்னமும் அப்படியே நின்றது.

“நாளைக்குப் பாருங்கோ” என்றாள் தில்லைநாயகி, விடுதி அம்மாவின் குரலில். “பாத்து முடிச்சிட்டு எங்கடை வீட்டை வாங்கோ. தேத்தண்ணி போட்டு வைக்கிறன்.”